யாரும் கை வைக்காத ஆட்டம்

என் வயசுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் எந்த வாழைத்தோப்பில் நின்று கேட்டாலும் என் மண்டிக்கு வழி சொல்வார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். இன்றைக்கு பி.காம். படித்த பையன்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வாழைத்தார் சுமந்த கழுத்து இது, கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பேரன் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடுகிறான். அவன் டீமில் ஒரு பையன் இன்னொரு பையனை மனசு நோகும்படி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அதற்காக வீட்டு ஆட்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். மகன் வெளியூரில் இருக்கிறதால் நான் போனேன். கோச் சின்ன வயசு, நல்ல பிள்ளை. என்ன செய்யலாம், ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள் என்றார். டீமை விட்டே தூக்கிவிடுங்கள் என்றார் ஒருவர். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வையுங்கள் என்றார் இன்னொருவர். நொந்துபோன பையனும் அங்கேதான் இருந்தான். அவனைப் பற்றியே அத்தனை பேரும் பேசினார்கள். அவன் முகத்தைப் பார்த்து ஒருவரும் பேசவில்லை. அவன் விரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஐயா நீங்க பெரியவுக, ஒரு வார்த்தை சொல்லுங்க என்று என்னைக் கேட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம், சம்பந்தப்பட்ட வீட்டு ஆட்கள் இன்னும் அங்கனதான் இருக்கிறார்கள். பெரியாத்துத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும். இரண்டாம் போகம் அறுத்து முடித்தால் வயல் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் திறந்து விடுகிற வரைக்கும் அது பையன்களுடைய பூமி. நெல்தாளை மண்வெட்டியால் செதுக்கி, கட்டியைத் தட்டி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டால் சடுகுடு களம் தயார். எவ்வளவு செதுக்கினாலும் தாளின் அடிக்கட்டை அங்கங்கே மிச்சம் இருந்து உள்ளங்காலில் குத்தும். மேற்கே மலை. அந்த மலை நிழல் முதலில் எதிர்க்கோட்டில் விழும், ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்கள் காலடிக்கு வந்து சேரும்.

எங்களுக்கு ஆட்டம் சொல்லித் தந்தவர் கண்டக்டர். கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. ஒருநாள் பஸ், ஒருநாள் ஓய்வு. ஓய்வு நாளை எங்களுக்கே கொடுத்தார். மனுஷனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருசம், பிள்ளை கிடையாது. பஸ்ஸில் ஊதுகிற விசிலைத்தான் களத்திலும் ஊதுவார். கெட்ட எண்ணம் என்று ஒரு பொட்டுக்கூட அவரிடம் இருந்ததில்லை. அவர் இறந்தபோது ஊரிலேயே பெரிய மாலை நான் போட்டதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

டீமுக்குப் பனியன் வாங்கித் தந்தவர் மாவுமில்காரர். வெள்ளைப் பனியன். அதை நாங்களே நீலத்தில் முக்கி எடுத்தோம். மாட்டுவண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் முதுகில் சிவப்பாக நம்பர் எழுதித் தந்தார். பெயிண்ட் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். குனிந்தால் முதுகைப் பிறாண்டும். அந்த மாவுமில்காரர் மகன்தான் எங்கள் டீமில் பெரிய ஆட்டக்காரன். என்னைவிட ஒரு வயசு மூப்பு. கால் நீளம், மூச்சும் நீளம்.

நான் மாமா வீட்டில் வளர்ந்தவன். நான் நடை பழகுகிற காலத்திலேயே அப்பா போய்விட்டார். ஆத்தா மலை மேலே, கேரளத்துப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தாள். காலையில் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் இறங்குகிற பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆத்தா அங்கேயே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், தங்கிக்கொண்டு அமாவாசைக்கு அமாவாசை இறங்கி வருவாள். வந்தால் வீடு முழுக்க ஏலக்காய் வாசம். விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மறுநாள் விடியும்போது அந்த வாசம் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள்.

சடுகுடுவில் கோட்டைத் தாண்டிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய்த் திரும்பி வர வேண்டும். இப்போது டிவியில் எல்லாரும் ஒரே மாதிரி கபடி கபடி என்று முணுமுணுக்கிறார்கள். எங்கள் களத்தில் ஆளுக்கொரு பாட்டு. சொந்தமாகக் கட்டிக்கொள்வதுதான். ராவுத்தர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பாவுக்கு, அவர்கள் பேச்சில் அத்தாவுக்கு, மளிகைக் கடை. அவன் "கடுகு சீரகம் மிளகு மல்லி" என்று கடையையே பாடிக்கொண்டு வருவான். பெருங்காயம் என்று வந்தால் காலை வீசப் போகிறான் என்று அர்த்தம். எங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. பெருங்காயத்திலேயே எத்தனையோ பேரை அவுட் ஆக்கியிருக்கிறான்.

இதற்கு ஒரு முறை உண்டு. பாடி வருகிறவன் எதைப் பாடினாலும் எதிரே நிற்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. களத்தில் பாடினதை வீட்டுக்குக் கொண்டு போகவும் கூடாது.

பிடிக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்போம். எனக்கு ஜோடி அந்த ராவுத்தர் வீட்டுப் பையன். அவன் உள்ளங்கை எப்போதும் வேர்த்திருக்கும். குனிந்து மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு கையை நீட்டுவான். மண்ணோடு பிடித்துக்கொள்வேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரு ஆளின் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் களத்தில் மட்டும்தான்.

கண்டக்டர் பஸ்ஸுக்குப் போயிருந்த ஒருநாள் நாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தோம். மாவுமில்காரர் மகன் புதுசாக ஒரு பாட்டோடு கோட்டைத் தாண்டி வந்தான்.

"மலைக்குப் போனா ஆத்தா ஆத்தா
மகனை எப்பப் பாத்தா பாத்தா
தோட்டத்துக்குள்ள யாரு யாரு
எறங்கி வந்தாக் கேளு கேளு கேளு கேளு."

கேளு கேளு என்று இழுத்துக்கொண்டே ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், எனக்கு அந்த மெட்டுப் பிடித்திருந்தது. காலால் தாளம்கூடப் போட்டேன். அப்போதுதான் கைகோத்து நின்ற என் ஜோடியின் கை நடுங்குவது தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். காதுக்கு வருவதற்கு முன்னால் சிரிப்பு எனக்குக் கை வழியாக வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவனைக் கேட்டேன்.

"அந்தப் பாட்டுல என்னடா சிரிப்பு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப விடு."

"சொல்லுடா."

"எனக்கும் முழுசாத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சிரிச்சேன்." சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பாட்டு ஓடியது. ஒவ்வொரு தடவையும் சிரிப்புக் கூடியது. யாரு யாரு என்கிற இடத்தில் மாவுமில்காரர் மகன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவான். ஏதோ கெட்டது என்று மட்டும் எனக்குப் பிடிபட்டது. மெட்டு மட்டும் தலையை விட்டுப் போகவில்லை. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னையறியாமல் அதை முணுமுணுத்திருக்கிறேன். அத்தை சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏலே, அதை எங்கன கேட்ட?"

"களத்துல பாடுவாங்க."

"திரும்பப் பாடு."

பாடினேன். அத்தை என்னை அடிக்கவில்லை. வாயைப் பொத்தினாள். சாணிக் கையால்.

அன்றைக்கு ராத்திரி மாமா சாப்பிடவில்லை. மறுநாள் நேராகப் போய் கண்டக்டரின் பஸ்ஸை மறித்து ஏறிவிட்டார். வீரபாண்டிக்குப் போகிற கூட்டம், சந்தைக்குப் போகிற கூட்டம் என்று பஸ் நிறைந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, "ஏன்யா, புள்ளைகளுக்கு வெளையாட்டுச் சொல்லிக் குடுக்கிறியா, இல்ல என் தங்கச்சியப் பத்திப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று கத்தியிருக்கிறார். என்ன பாட்டு என்று கண்டக்டருக்கே தெரியாது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் உத்தமபாளையத்திலிருந்து தேனி வரைக்கும் எந்த ஸ்டாப்பில் இறங்கினவனுக்கும் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மாமா ஆத்தாவுக்காகத்தான் சண்டை போட்டார். களத்துக்குள் கிடந்ததை பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

அன்றைக்கு வேலை முடிந்த கையோடு கண்டக்டர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் களத்துக்கு வந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"யாருடா பாடினது?"

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

"என்னத்தைடா பாடினீங்க? அதையாவது சொல்லுங்கடா."

எல்லாரும் காலைப் பார்த்தார்கள். வரப்பில் ஆடு மேய்க்கிறவர்கள், வேலை முடிந்து போகிறவர்கள் என்று பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டு பிரியமாகத்தான் கேட்டார்.

"தம்பி, நீ பாடு."

"வேணாம்ணே."

"என்ன பாடினானுகன்னு தெரியாம நான் எப்பிடி நியாயம் சொல்ல? ஒனக்காகத்தானடா கேக்கேன். பயப்படாத, பாடு."

நடுக்கோட்டில் போய் நின்றேன். எனக்கு வேறு எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. பாடிப் போகிற மாதிரியே மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எங்கள் ஆத்தாவை என் வாயாலேயே மலைக்கு அனுப்பினேன். யாரு யாரு என்று நானே கேட்டேன். கடைசி அடி கேளு கேளு கேளு என்று போய்க்கொண்டே இருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்து என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. விசில் அவர் கையிலேயே இருந்தது. மூச்சுத் தீர்ந்த இடத்தில் நின்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இப்போது புரிகிற ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பாட்டு அவன் சொந்தச் சரக்கு இல்லை. மாவு அரைக்க வந்து அவன் வீட்டு மில்லில் வரிசையில் நிற்கிற பெரியவர்கள் பேசின பேச்சு. அவன் அதற்கு மெட்டுப் போட்டான், அவ்வளவுதான். மில்லுக்குப் போய் யாரும் கேட்கவில்லை. பையன்களை வரிசையில் நிறுத்துவது சுலபம்.

பையன்கள் கண் போன திக்கை வைத்தே கண்டக்டர் மாவுமில்காரர் மகன் காதைத் திருகி முன்னால் இழுத்து வந்தார். அவன் "தெரியாமப் பாடிட்டேன்ணே" என்றான். என்னிடம் இல்லை, அவரிடம். அப்புறம் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னையிலிருந்து எவனும் சொந்தப் பாட்டுப் பாடக் கூடாது. கபடின்னு ஒரே சொல்லுதான். அடுத்தது, இவன் மேல எவன் கையாவது பட்டது தெரிஞ்சது, அவன் என் டீம்ல இல்ல. எவனா இருந்தாலும் சரி, எங்கப்பன் பனியன் வாங்கிக் குடுத்தான்னு சொன்னாலும் சரி."

என் தலையைத் தடவி, "இனிமே ஒன்ன ஒருத்தனும் ஒண்ணும் பண்ண மாட்டான்" என்றார். சொன்னது சொன்னபடி நடந்தது.

அடுத்த ஆட்டத்தில் நான் கோட்டைத் தாண்டி கபடி கபடி என்று போனேன். எதிரே நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இன்னும் உள்ளே போனேன். இன்னும் நகர்ந்தார்கள். ஒருவனைத் தொட்டேன். அவன் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். யாரும் காலைப் பிடிக்கவில்லை, இடுப்பில் விழவில்லை. நடந்தே திரும்பி வந்தேன். கண்டக்டர் கையைத் தட்டினார். "பாத்தீங்களாடா அவன் வேகத்த" என்றார்.

பிடிக்க நிற்கும்போது ராவுத்தர் வீட்டுப் பையனிடம் கையை நீட்டினேன். அவன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"கையக் குடுடா."

"அண்ணன் சொல்லிருக்காகள்ல."

"அது அடிக்கக் கூடாதுன்னு சொன்னாக."

"கை படக் கூடாதுன்னுதான் சொன்னாக. எங்கத்தாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாக." அவன் பொய் சொல்லவில்லை. பயந்துதான் போயிருந்தான். என்னைப் பார்க்கவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆட்டம் முடிந்தால் பம்புசெட் தொட்டியில் எல்லாரும் மொத்தமாக விழுவோம். ஒருவன் தலையை ஒருவன் அமுக்கி, தண்ணீர் குடித்து, இருமி, ஒரே கூச்சலாக இருக்கும். தீர்ப்புக்கு அப்புறம் நான் இறங்கினால் மற்றவர்கள் ஏறி விளிம்பில் நிற்பார்கள். நான் குளித்து முடிக்கிற வரைக்கும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். ஊரிலேயே பெரிய தொட்டி, முழுக்க எனக்கே எனக்கு. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் அவ்வளவு பெரியது என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. பனியன்களைத் துவைத்துக் கம்பியில் காயப்போட்டிருப்போம். எல்லார் பனியனிலும் இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்து நம்பர் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். என் நம்பர் மட்டும் எழுதினபடியே பளபளவென்று இருந்தது.

அந்த அமாவாசைக்கு ஆத்தா வந்தாள். வந்ததும் என் கால்சட்டையை ஏற்றி முழங்காலைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், மஞ்சள் வைத்துவிடுவாள். இந்தத் தடவை வைக்க ஒன்றும் இல்லை.

"ஏய்யா, ஒரு சிராய்ப்புக்கூட இல்லையே. ஒழுங்காப் பாத்துக்கிறாங்களோ?"

"ம்."

"யாரும் ஒன்னும் சொல்லலியே ஒன்ன?"

"இல்ல."

கொஞ்ச நேரம் என் முழங்காலிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் இறங்கி அதே பஸ்ஸில் வந்தவள். அவள் காதில் என்னென்ன விழுந்ததோ, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முந்தானையிலிருந்து ஒரு கை ஏலக்காய் எடுத்துக் கொடுத்து, கூட்டாளிகளுக்குக் கொடு என்றாள். களத்துக்குப் போகிற வழியில் அத்தனையையும் நானே தின்றேன். நாக்கு மரத்துப்போய்விட்டது.

என் மண்டியில் சுமைக்காரர்கள் முப்பது பேர். சண்டை வரும், நாக்கில் நரம்பில்லாமல் பேசிக்கொள்வார்கள். நான் யாரையும் விசாரிப்பதில்லை. சண்டை போட்ட இரண்டு பேரையும் கூப்பிட்டு, இருக்கிறதிலேயே பெரிய தாரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றச் சொல்வேன். ஒருவன் விட்டால் இன்னொருவன் காலில் விழும். பேசித்தான் ஆக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே என் மண்டியில்தான் ஆள் மாறாமல் இருக்கிறார்கள். எந்தப் படிப்பிலும் நான் இதைப் படிக்கவில்லை. எனக்கு நடக்காததைத்தான் நான் மற்றவர்களுக்குச் செய்கிறேன்.

வீரபாண்டித் திருவிழாச் சமயத்தில் பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஒரு டீமோடு எங்களுக்கு ஆட்டம் வைத்தார்கள். கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பயணிகளிடம் என்னைக் காட்டி, "இவனத்தான் மொதல்ல பாடிப் போக விடப்போறேன். எங்க டீம்ல இவன ஒருத்தனாலயும் புடிக்க முடியல" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த டீம் பையன்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். நான் என்ன சொல்ல முடியும்? அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினேன். இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பேன். ஓரத்தில் நின்ற ஒரு குட்டைப் பையன் என் கணுக்காலைப் பிடித்தான். நான் திரும்புவதற்குள் இன்னொருவன் இடுப்பில் விழுந்தான், மூன்றாவது ஆள் தோளோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தான். மண்ணில் சாய்ந்தேன். எனக்கு மேலே மூன்று பேர். ஒருவன் வேர்வை என் கண்ணில் சொட்டியது. ஒருவன் நெஞ்சு என் முதுகில் திக்திக்கென்று அடித்தது. வாரக்கணக்காகக் கூட்டாளிகள் கை படாத உடம்பு. கோடு எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்தது. மூச்சும் இருந்தது. நான் பாட்டை விட்டுவிட்டேன். கொஞ்சம் அப்படியே கிடக்கலாம் போல இருந்தது.

விசில் ஊதியதும் அவர்கள் எழுந்தார்கள். அந்தக் குட்டைப் பையன் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டான். எந்த ஊர்ப் பையனோ, அதற்கப்புறம் அவனை நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் தோற்றோம். மோசமாகத் தோற்றோம். ராவுத்தர் வீட்டுப் பையனுக்குப் பெருங்காயம் இல்லாமல் எப்போது காலை வீசுவது என்று தெரியவில்லை. மாவுமில்காரர் மகனும் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தடுமாறி, போன வேகத்தில் பிடிபட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். கண்டக்டர் எங்களுக்கென்று பிடித்து வைத்திருந்த ஒரு மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டேன்; டீமில் வேறு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மாவுமில்காரர் மகன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் என் பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தான். பனியன் கழுத்தைப் பிடித்துத் திருகினான்.

"ஏலே, ஒனக்கு மூச்சு செத்துப்போச்சா? கோடு இந்தா இருக்கு, கைய நீட்டத் தெரியாது?"

"நீங்க புடிச்சுப் பழக்கியிருந்தீங்கன்னா நீட்டியிருப்பேன்."

"நாங்க எங்கிட்டுப் புடிக்க? அந்தாளுதான் தொடாதன்னுட்டாரே." திருகின கையைத் தளர்த்தினான். விடவில்லை. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் தொடை என் தொடையோடு ஒட்டியது. அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தக் குட்டையன் ஒன்ன எப்பிடிடா புடிச்சான்? காட்டு" என்றான்.

நான் குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்துக் காட்டப் போனேன்.

படிக்கட்டிலிருந்து கண்டக்டர் பார்த்துவிட்டார். அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "இவன் மேல கை வைக்காதன்னு சொன்னேனா இல்லையா? தோத்துட்டு வந்து புள்ளைய அடிக்கிறியா?" என்று கத்தினார். இல்லண்ணே, இல்லண்ணே என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அவனைக் கடைசி சீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

காலி இடத்தைப் பார்த்து, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு அம்மா உட்கார வந்தார்கள். கண்டக்டர் திரும்பி வந்து தடுத்தார். "அங்கன உக்காராதீக ஆத்தா, பையன் அடிபட்டு வந்திருக்கான், நல்லாச் சாஞ்சு வரட்டும்" என்றார். கூட்டம் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது. அந்த மூன்று பேர் சீட்டில் ஊர் வந்து சேருகிற வரைக்கும் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்து வந்தேன்.